மலைப்பாதையில் காட்டுப்பூக்களைப் படமெடுக்க

கோடையில் மலையேறுவோர், பூக்களைத் திரும்பும் வழியில் நிதானமாகப் படமெடுக்கலாம் என்று தள்ளிப்போடாமல், காலையில் ஏறும்போதே எடுத்துவிடுவது நல்லது. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலெழும்பத் தொடங்குவதால், மெல்லிய காம்புள்ள பூ ஒரு கணமும் அசையாமல் நிற்காது. பிற்பகலில் இடிமழைக்கும் வாய்ப்பு அதிகம்.

காற்று வீசினால் ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை, 1/500 நொடி அளவில் வைத்து, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, அசைவால் கலங்கிய இதழைப் பின்னர் சரிசெய்வது கடினம். உச்சிவெயிலில் வெள்ளைப் பூக்கள் விவரமின்றி வெளுத்துப்போகும். அப்போது தொப்பியைப் பிடித்துப் பூவின்மேல் நிழல் விழச் செய்தாலே, இதழின் நரம்புகள்கூடத் தெளிவாகப் பதியும். இதற்கெனத் தனிக் கருவி வாங்குவது, என் கருத்தில், வீண் சுமை.

பூவின் உயரத்துக்குக் கேமராவை இறக்குவதற்காக மண்டியிடும்போது, பாதையையோ வெறும் பாறையையோ தேர்ந்தெடுங்கள். மரங்கள் வளராத உயரத்தில் செடிகள் மிக மெதுவாகவே வளர்வதால், ஒருமுறை மிதிபட்ட திட்டு தேறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். கைகளால் பற்றி ஏறவேண்டிய பாறை வந்தால், கேமராவைக் கழுத்தில் தொங்கவிடாமல் பைக்குள் வைத்துவிடுங்கள்.