ப்ராக் ராக் கேட்கத் தொடங்க ஒரு மலிவு விலை இசைத்தட்டு

நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசையான ப்ராக்ரஸிவ் ராக் (சுருக்கமாக ப்ராக் ராக்) என்னவென்று கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால், யாரோ சிபாரிசு செய்த முழு ஆல்பத்தைப் போட்டுவிட்டு, பன்னிரண்டாவது நிமிடத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்துவிடுவோம். நான் இரண்டு முறை அப்படித் தோற்றேன். மூன்றாவது முறை வேறு வாசல் வழியாகப் போனேன். லண்டனின் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் 1969-இல் வெளியிட்ட ‘நைஸ் இனஃப் டு ஈட்’ என்ற சாம்பிளர், அதாவது பலருடைய பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்த தட்டுதான் அந்த வாசல்.

மிக்சர் வாங்கப் போனால் கடைக்காரர் உள்ளங்கையில் கொஞ்சம் போட்டு ருசி பார்க்கச் சொல்வாரே, சாம்பிளர் அதுதான். என்ன, இங்கே அந்தக் கைப்பிடிக்கும் காசு வாங்கினார்கள்: 14 ஷில்லிங் 6 பென்ஸ். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்ட். அன்று ஒரு முழு எல்பி (ஒரு ஆல்பம் அடங்கிய பெரிய இசைத்தட்டு) 2 பவுண்டை நெருங்கும். நீளமான பாட்டுகளைப் போட வானொலி தயங்கிய காலம். கையில் காசில்லாத மாணவர்களிடம் பன்னிரண்டு குழுக்களை ஒரே தட்டில் கொண்டு சேர்க்க இது சுலபமான வழி. முந்தைய ஆண்டே சிபிஎஸ் என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனம் இதைச் செய்து காட்டியிருந்தது.

படி 1: ப்ளேலிஸ்ட் போடுங்கள்

முதல் பக்கம், இதே வரிசையில்: ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் ‘கேஜன் வுமன்’, மாட் த ஹூப்பிளின் ‘அட் த கிராஸ்ரோட்ஸ்’, ஸ்பூக்கி டூத்தின் ‘பெட்டர் பை யூ, பெட்டர் தன் மீ’, ஜெத்ரோ டல்லின் ‘வீ யூஸ்ட் டு நோ’, ஃப்ரீயின் ‘வுமன்’, ஹெவி ஜெல்லியின் ‘ஐ கீப் சிங்கிங் தட் சேம் ஓல்ட் சாங்’.

இரண்டாம் பக்கம்: ப்ளாட்வின் பிக்கின் ‘சிங் மீ எ சாங் தட் ஐ நோ’, ட்ராஃபிக்கின் ‘ஃபார்ட்டி தவுசண்ட் ஹெட்மென்’, நிக் ட்ரேக்கின் ‘டைம் ஹேஸ் டோல்ட் மீ’, கிங் கிரிம்ஸனின் ‘21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்’, குவின்டெஸன்ஸின் ‘கங்காமாய்’, டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லி ஸ்ட்ரேஞ்சின் ‘ஸ்ட்ரேஞ்ச்லி ஸ்ட்ரேஞ்ச் பட் ஆட்லி நார்மல்’.

தேடும்போது ‘லைவ்’ என்று போட்டிருப்பதைத் தவிருங்கள். ஸ்பூக்கி டூத் பாட்டை ஜூடாஸ் ப்ரீஸ்ட் பின்னாளில் பாடியிருக்கிறார்கள். அது வந்து நின்றால் ஒதுக்கிவிடுங்கள். ஹெவி ஜெல்லி கொஞ்சம் வேடிக்கையான கதை. இல்லாத ஒரு குழுவுக்கு ஒரு லண்டன் பத்திரிகை விளையாட்டாக விமர்சனம் எழுதப்போய், அந்தப் பெயரில் நிஜமாகவே தட்டு வந்துவிட்டது. ஸ்கிப் பிஃபர்ட்டி என்ற குழுதான் முகமூடி போட்டுக்கொண்டு வாசித்தது. அதே பெயரில் இன்னொரு குழுவும் கிளம்பியதால், பாட்டின் பெயரை வைத்துத் தேடுவதே நல்லது.

படி 2: ஷஃபிளை அணையுங்கள்

ஆட்டோப்ளே, கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததின் தொடக்கத்தையும் கலப்பது) இரண்டையும்தான். வரிசை கலைந்தால் இந்தப் பயிற்சிக்கே அர்த்தமில்லை. ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்; முதல் பக்கம் முடிந்ததும் எழுந்து ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். அன்று தட்டைத் திருப்பிப் போட்ட இடைவெளி அது.

படி 3: முதல் பக்கத்தை லேசாகக் கேளுங்கள்

இங்கே ப்ராக் ராக்கைத் தேடாதீர்கள், பெரும்பாலும் ப்ளூஸும் நாட்டார் இசையும்தான். ‘வீ யூஸ்ட் டு நோ’ ஓடும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கோர்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) நகரும் விதம் ஈகிள்ஸ் குழுவின் 1976-இல் வந்த ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வை ஞாபகப்படுத்தும். இது ஏழு ஆண்டு மூத்தது.

படி 4: மூன்றாவது பாட்டிலிருந்து நான்காவதுக்கு

இதற்காகத்தான் இவ்வளவும். இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டில் நிக் ட்ரேக் பக்கத்து அறையில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல் பாடுவார். அது அடங்கியதும் கிங் கிரிம்ஸன் வந்து விழுகிறது. கிடாரும் சாக்ஸஃபோனும் ஒன்றாக அறைய, குழுவின் பாடகர் கிரெக் லேக்கின் குரல் நசுங்கிக் கிழிந்து வருகிறது. முதல் முறை வால்யூமைக் குறைக்கத் தோன்றும்; குறைக்காதீர்கள். நடுப்பகுதியில் எல்லோரும் வேகமாக ஓடி, சட்டென்று நின்று, ஒரே மூச்சில் மறுபடி ஓடுகிறார்கள். பாட்டை விட்டுவிட்டு அந்த நிறுத்தங்களை மட்டும் தொடையில் தட்டிப் பாருங்கள். இரண்டாவது முறையும் தப்பும். பரவாயில்லை, எனக்கு ஐந்தாறு தடவை ஆனது.

தனியாகக் கேட்டால் இந்தப் பாட்டு வெறும் இரைச்சலாகப் படலாம். ட்ரேக்குக்குப் பிறகு கேட்டால் அதற்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று தெரியும். ப்ராக் ராக் வானத்திலிருந்து குதிக்கவில்லை. இந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் நடுவில்தான் வளர்ந்தது.

அடுத்து ‘கங்காமாய்’. லண்டன் நாட்டிங் ஹில் குழு ஒன்று கங்கையை அழைத்துப் பாடுகிறது. நம் காதுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரலாம். அந்தக் காலத்து ஹிப்பி பக்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒரே ஆளைப் பின்தொடருங்கள்

முதல் பாட்டான ‘கேஜன் வுமன்’ ரிச்சர்ட் தாம்ஸன் எழுதியது. நிக் ட்ரேக் பாட்டின் பின்னால் மிதக்கும் எலெக்ட்ரிக் கிடாரும் அவருடையதே. அந்த இரண்டுக்கும், கடைசிப் பாட்டுக்கும் தயாரிப்பில் ஜோ பாய்ட் இருக்கிறார். மிக் ஆப்ரஹாம்ஸ் ஜெத்ரோ டல்லை விட்டு வந்து தொடங்கியதுதான் ப்ளாட்வின் பிக். பன்னிரண்டு குழுக்கள் என்று நினைத்தது உண்மையில் ஒரே தெரு என்று புரியும்.

படி 6: இரண்டு ஆல்பம் மட்டும்

பிடித்த இரண்டு பாட்டுகளின் முழு ஆல்பத்துக்குப் போங்கள், அதற்கு மேல் வேண்டாம். என்னைக் கேட்டால் கிங் கிரிம்ஸனின் ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்ஸன் கிங்’கும் ஜெத்ரோ டல்லின் ‘ஸ்டாண்ட் அப்’பும். இரண்டுமே 1969.

படி 7: தட்டே வேண்டுமென்றால்

பழைய பிரதி கிடைத்தால் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். ஐலண்டின் அந்தக் காலத்து ராக் தட்டுகளில் நடு லேபிள் முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும்.

இது பிடித்துப்போனால் அடுத்ததாக, ஹார்வெஸ்ட் என்ற நிறுவனம் 1970-இல் வெளியிட்ட ‘பிக்னிக்’ என்ற இரட்டைத் தட்டைத் தேடுங்கள். பிங்க் ஃபிளாய்டின் ‘எம்பிரியோ’ ஸ்டுடியோ பதிவு முதலில் வெளிவந்தது அதில்தான்.