எந்தப் பல்கலை எந்த கான்ஃபரன்ஸுக்குத் தாவும்? வதந்தியை விட்டு ஒப்பந்தத்தைப் படிக்கும் முறை

ஜூன் மாதம் பிறந்தால் போதும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 'அடுத்து யார், எங்கே' என்ற பட்டியல்கள் முளைக்கத் தொடங்கிவிடும். கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடி, ஒளிபரப்புப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பல்கலைகளின் கூட்டமைப்பு; எஸ்இசி, பிக் டென், பிக் 12, ஏசிசி, பேக்-12 எல்லாம் அப்படிப்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை நகரத்தின் மக்கள்தொகையையும் ரசிகர்களின் ஆசையையும் கூட்டிப் போட்ட கணக்கு. ஒரு பல்கலைக்குப் போக ஆசை இருக்கிறதா என்பது உண்மையில் கடைசிக் கேள்வி. ஆசை எல்லோருக்கும் உண்டு. கிளம்ப முடியுமா, சேர்த்துக்கொள்பவருக்கு அதனால் பணம் கூடுமா, உள்ளே வாக்கு தேறுமா என்ற மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். இவற்றுக்கான விடை பெரும்பாலும் எழுத்திலேயே இருக்கிறது.

இந்தச் சந்தை திறந்தது 1984-இல். கல்லூரி ஃபுட்பால் (அமெரிக்கக் கால்பந்து) ஒளிபரப்பை, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ தன் கையில் வைத்திருந்தது போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று, ஓக்லஹோமா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து ஒளிபரப்பை விற்பது கான்ஃபரன்ஸ்களின் வேலை. அதனால் 'யார் சேருவார்கள்' என்று கேட்கும்போதெல்லாம், 'யாருடைய ஆட்டத்துக்குத் தொலைக்காட்சி எவ்வளவு தரும்' என்றே கேட்கிறோம்.

முதலில் வெளியேறும் கதவைப் பாருங்கள்

கதவில் இரண்டு பூட்டுகள் இருக்கும். ஒன்று விலகல் கட்டணம். மற்றொன்று உரிமை ஒப்படைப்பு: பல்கலை தன் சொந்த மைதான ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை இன்ன ஆண்டு வரை கான்ஃபரன்ஸுக்கே எழுதிக்கொடுத்துவிடுவது. கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போனாலும் உரிமை பழைய வீட்டிலேயே தங்கிவிட்டால், புதிய கான்ஃபரன்ஸ் எதை விற்கும்? அதனால் இரண்டாவது பூட்டுதான் கனமானது.

டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்குப் போவதாக 2021 ஜூலையில் அறிவித்தன. பிக் 12-இல் அவற்றின் உரிமை ஒப்படைப்பு 2025 ஜூன் வரை இருந்தது. இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்து, ஓராண்டு முன்னதாக, 2024 ஜூலை 1-இல் வெளியேறின. அவ்வளவு பெரிய பெயர்களுக்கே கிடைத்தது ஓராண்டு சலுகைதான்.

பேக்-12-இன் கதை நேர் எதிர். அதன் ஒப்பந்தங்கள் 2024 கோடையில் முடியவிருந்தன, அடுத்தது கையெழுத்தாகவில்லை. பூட்டே இல்லாத வீடு. பத்துப் பல்கலைகள் விலகல் கட்டணம் என்று எதுவும் கட்டாமல் கிளம்பின. பழைய வருமானத்தைப் பிரிப்பதில்தான் சண்டை வந்தது. ஒரு கான்ஃபரன்ஸின் ஒளிபரப்பு ஒப்பந்தம் முடிய ஓரிரு ஆண்டுகளே இருந்து, புதியது கைக்கு வராமல் இருந்தால், அங்கேதான் கண் வைக்க வேண்டும்.

ஏசிசியில் உரிமை ஒப்படைப்பு 2036 வரை. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரில் வழக்குப் போட்டபோது, வெளியேறும் செலவு 57.2 கோடி டாலர் ஆகும் என்று மனுவில் கணக்குக் காட்டியது. 2024 மார்ச்சில் கிளெம்சனும் வழக்குப் போட்டது. 2025 மார்ச் சமரசத்தில் இந்தக் கதவே மாற்றி வைக்கப்பட்டது. 2025-26-இல் விலக 16.5 கோடி டாலர்; ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து 2030-31-இல் 7.5 கோடியில் நின்றுவிடும். கட்டணத்தைக் கட்டினால் உரிமையும் கையோடு வரும். எனவே '2036 வரை யாரும் அசைய முடியாது' என்று இன்னும் எழுதுபவர் பழைய காகிதத்தைப் படிக்கிறார்.

சேர்ப்பவரின் கணக்கு

எளிய சூத்திரம் ஒன்று போதும். கான்ஃபரன்ஸில் 16 பேர், ஆளுக்கு 5 கோடி என்று வைத்துக்கொள்வோம். 17-ஆவது ஆள் வரும்போது தொலைக்காட்சி கூடுதலாக 5 கோடி தந்தால் யாருக்கும் நட்டமில்லை. 3 கோடிதான் தரும் என்றால் மீதி 2 கோடி மற்ற 16 பேரின் தட்டிலிருந்து போகும். 'நல்ல பல்கலை, பெரிய நகரம்' என்ற வாதமெல்லாம் இங்கே அடிபட்டுப் போகிறது.

இந்தச் சூத்திரம் தவறும் இடங்கள் இரண்டு. முதலாவது, சரிசம உயர்வு விதி: புதியவர் வந்தால் அவருக்கும் அதே முழுப் பங்கைத் தொலைக்காட்சி தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருப்பது. ஏசிசி 2023 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா (பெர்க்லி), எஸ்எம்யு மூன்றையும் சேர்த்தது இந்த விதியின் பலத்தில்தான். ஏசிசி ஆட்டங்களை ஒளிபரப்பும் ஈஎஸ்பிஎன் தரும் கூடுதல் தொகை ஆண்டுக்கு ஏறக்குறைய 7.2 கோடி. எஸ்எம்யு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பணமே வேண்டாம் என்றது. மற்ற இரண்டும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு 30 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டன. மிச்சம் பழைய உறுப்பினர்களுக்குப் போனது. வருகிறவர் தன் சம்பளத்தை விட்டுக்கொடுத்து இருக்கை வாங்கிய வியாபாரம் இது.

இரண்டாவது, குறைந்த பங்கில் நுழைவது. ஒரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் ஏறத்தாழ பாதிப் பங்கில், சுமார் 3 கோடியில் தொடங்கின. எனவே ஒரு பல்கலைக்கு என்ன கிடைக்கும் என்று போடும்போது கான்ஃபரன்ஸின் முழுப் பங்கை எழுதாதீர்கள். முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பாதி என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பல கனவுகள் அங்கேயே கலையும்.

எண்களை எங்கே எடுப்பது? கான்ஃபரன்ஸ்கள் லாப நோக்கற்ற அமைப்புகளாகப் பதிவானவை. ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வருமான வரிப் படிவம் 990-இல் பகிர்ந்த தொகை இருக்கும். அரசுப் பல்கலைகள் என்சிஏஏவுக்குக் கொடுக்கும் வருடாந்தர நிதி அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். இரண்டிலும் ஒரே பள்ளம்: 990-இல் வரும் தொகையில் ஃபுட்பால் பிளேஆஃப், பௌல் எனப்படும் பருவ இறுதி ஆட்டங்கள், மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டி இவற்றின் பணம் எல்லாம் கலந்திருக்கும். அதை ஒளிபரப்புத் தொகையோடு நேருக்கு நேர் வைத்தால் கணக்கு பெரிய அளவில் பிசகும். படிவம் வெளியாகும்போது ஓராண்டு பழையதாகவும் இருக்கும். பிக் 12-இல் ஒரு பல்கலைக்கு ஆண்டுக்கு 3.17 கோடி டாலர் என்று சொல்லப்படுவது ஒளிபரப்பின் சராசரி மட்டும். வேறொரு கான்ஃபரன்ஸின் 990 எண்ணை அதோடு ஒப்பிடுவது அரிசியையும் சோற்றையும் ஒரே படியில் அளப்பது போல.

சந்தையின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 2014-இல் ரட்கர்ஸும் மேரிலண்டும் பிக் டென்னுக்குள் வந்தது கேபிள் இணைப்புக்காக. நியூயார்க், வாஷிங்டன் வட்டாரங்களில் ஆட்டம் பார்க்காத வீடும் பிக் டென் நெட்வொர்க்குக்கு மாதக் கட்டணம் தந்தது. கேபிளைத் துண்டிக்கும் வீடுகள் பெருகியபின் அந்தத் தர்க்கம் மெலிந்துவிட்டது. இன்று பார்க்க வேண்டியது, அந்த அணியின் ஆட்டங்களில் எத்தனை 40 லட்சம் பார்வையாளர்களைத் தாண்டின என்பது. அதிலும் எதிரணி யார் என்று கவனியுங்கள். ஒஹையோ ஸ்டேட்டோடு ஆடி வந்த கூட்டத்தை எதிராளியின் கணக்கில் எழுதக் கூடாது.

வாக்குகளை எண்ணுங்கள், குறிப்பாக எதிர்ப்பவர்களை

எஸ்இசியிலும் ஏசிசியிலும் புதியவரைச் சேர்க்க நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். 15 பேர் இருந்த ஏசிசியில் 12 வாக்கு தேவை. நான்கு பேர் மறுத்தால் கதை முடிந்தது. 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன், நார்த் கரோலினா மூன்றும் கடைசிவரை எதிர்த்தன. என்சி ஸ்டேட் மனம் மாறியதால்தான் விஷயம் தேறியது.

2003-இல் இதைவிடச் சுவையான கணக்கு. ஒன்பது பேர் கொண்ட ஏசிசியில் ஏழு வாக்கு வேண்டும். டியூக்கும் நார்த் கரோலினாவும் எதிர்ப்பு. ஆக வர்ஜீனியாவின் வாக்கு இல்லாமல் எதுவும் நடக்காது. மாநில ஆளுநர் மார்க் வார்னர் அந்த வாக்கைக் கொண்டு, பட்டியலிலேயே இல்லாத வர்ஜீனியா டெக்கை உள்ளே கொண்டுவந்தார். எதிர்பார்ப்போடு காத்திருந்த சிராக்யூஸ் வெளியே நின்றது. அன்று ரசிகர் கணிப்புகள் எல்லாம் தவறியதற்கு ஒரே காரணம், மாநில அரசியலை யாரும் கணக்கில் எடுக்காததுதான்.

அரசுப் பல்கலை என்றால், அதை ஆளும் குழு ஒன்றா, தனித்தனியா என்று பாருங்கள். அரிசோனாவுக்கும் அரிசோனா ஸ்டேட்டுக்கும் ஒரே ஆட்சிக்குழு. இரண்டும் ஒரே நாளில், 2023 ஆகஸ்ட் 4-இல், பிக் 12-க்குப் போயின. ஒரெகனுக்கும் ஒரெகன் ஸ்டேட்டுக்கும் தனித்தனிக் குழு, வாஷிங்டனிலும் அப்படியே. அதனால் தம்பியை விட்டுவிட்டு அண்ணன் மட்டும் வண்டி ஏற முடிந்தது. யுசிஎல்ஏவும் பெர்க்லியும் ஒரே குழுவின் கீழ் இருந்ததால், பிக் டென்னுக்குப் போன யுசிஎல்ஏ ஆண்டுக்கு 1 கோடி டாலர் பெர்க்லிக்குத் தர வேண்டியதாயிற்று.

பிக் டென் விஷயத்தில் மட்டும் கூடுதலாக ஒரு சல்லடை: ஏஏயு என்னும் ஆராய்ச்சிப் பல்கலைகளின் சங்கத்தில் உறுப்பினரா என்பது. இது எழுதப்பட்ட விதியல்ல. 2011-இல் சேர்ந்த நெப்ராஸ்கா அதே ஆண்டு அந்தச் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டும் பிக் டென்னில் தொடர்கிறது. 2023-இல் நோட்டர் டேம், மயாமி, அரிசோனா ஸ்டேட், சவுத் ஃப்ளோரிடா உள்ளிட்டவை சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தபோது கணிப்பாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். சல்லடையில் தேறுவது அழைப்பு ஆகாது. தேறாவிட்டால் பிக் டென் என்ற பெயரை உங்கள் பட்டியலில் கீழே தள்ளுங்கள், அவ்வளவே.

தேதியும் கூட்ட அறிவிப்பும்

கான்ஃபரன்ஸ்களின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அறிவிப்புக் காலமும் கட்டண உயர்வும் பெரும்பாலும் ஜூன் 30 நள்ளிரவோடு கட்டப்பட்டிருக்கும். யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது 2022 ஜூன் 30. டெக்ஸஸ் ஸ்டேட் பேக்-12-க்குப் போவதாகச் சொன்னது 2025 ஜூன் 30. ஒரு நாள் தாமதித்திருந்தால், அது அப்போது இருந்த சன் பெல்ட் கான்ஃபரன்ஸுக்குக் கட்ட வேண்டிய 50 லட்சம் டாலர் இரட்டிப்பாகியிருக்கும்.

அரசுப் பல்கலையின் ஆட்சிக்குழு சிறப்புக் கூட்டம் போட்டால் முன்கூட்டியே பொது அறிவிப்பு தர வேண்டும். 'விளையாட்டுத் துறை தொடர்பான சட்ட ஆலோசனை' என்ற ஒரு வரி, நூறு ட்வீட்டுகளுக்குச் சமம். கொலராடோ 2023 ஜூலை 27-இல் வெளியேறியதும், ஃப்ளோரிடா ஸ்டேட் வழக்குத் தொடுத்ததும் இப்படிக் கூட்டம் கூட்டித்தான். ஸ்டான்ஃபோர்டு, யுஎஸ்சி, எஸ்எம்யு, நோட்டர் டேம் போன்ற தனியார் பல்கலைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே செய்தி திடீரென்றுதான் வரும்.

கான்ஃபரன்ஸின் தலைவரான கமிஷனர் 'நாங்கள் யாரையும் அழைக்கவில்லை' என்று சொன்னால் பொய் என்று எண்ண வேண்டாம். வேறொருவரின் ஒப்பந்தத்தில் தலையிட்டதாக வழக்கு வரும் என்பதால், முதலில் பல்கலை விண்ணப்பிக்க, பிறகுதான் அழைப்பு போகும். அதுவரை அந்த வாக்கியம் எழுத்தளவில் உண்மை. பல்கலை அதிகாரிகளின் விமானத் தடங்களைப் பின்தொடர்ந்து கணிப்பது பொழுதுபோக்கு. அதற்கு மேல் இல்லை.

கீழ் அடுக்கில் தலை எண்ணிக்கை

பெரிய கான்ஃபரன்ஸ்களில் பணம் பேசுகிறது. கீழே எண் 8 பேசுகிறது. ஃபுட்பாலின் மேல் பிரிவில் இருக்க ஒரு கான்ஃபரன்ஸுக்குக் குறைந்தது எட்டு முழு உறுப்பினர்கள் வேண்டும். குறைந்தால் இரண்டு ஆண்டு அவகாசம். இருவராக நின்ற பேக்-12, 2026 ஜூலை 1-க்குள் எட்டை எட்ட வேண்டியிருந்தது. பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், பிறகு யூட்டா ஸ்டேட் என ஏழு ஆனது. இடையில் வந்த கொன்சாகா கூடைப்பந்தில் பெரிய பெயர். ஆனால் ஃபுட்பால் அணியே இல்லாததால் இந்தக் கணக்கில் சேராது. எட்டாவது இடம் டெக்ஸஸ் ஸ்டேட்டுக்குப் போனது. மெம்பிஸ், துலேன், சவுத் ஃப்ளோரிடா, யுடிஎஸ்ஏ நான்கும் 2024 செப்டம்பரில் அமெரிக்கன் கான்ஃபரன்ஸிலேயே தங்குவதாகச் சொல்லிவிட்டன. அங்கே விலக 27 மாத முன்னறிவிப்பும் 1 கோடி டாலரும் தேவை. சீக்கிரம் போக எஸ்எம்யு 2.5 கோடி கட்டியது. தரும் பங்கு இந்தச் செலவை ஈடுகட்டாதபோது யார் அசைவார்கள்?

பாய்சி ஸ்டேட் முதலான அந்த ஐந்தும் இருந்த மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸ் ஒரு புதுமை செய்திருந்தது: பேக்-12 தன் உறுப்பினரை இழுத்தால், விலகுபவர் கட்டும் கட்டணம் போக, இழுத்தவரும் முதல் ஆளுக்கு 1 கோடி, அடுத்தடுத்த ஒவ்வொருவருக்கும் முந்தையவரைவிட 5 லட்சம் கூடுதலாகத் தர வேண்டும். ஐந்து பேருக்கு 5.5 கோடி. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. கீழ் அடுக்கை அலசும்போது இப்படி இழுப்பவர் மீதான அபராதம் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

கீழ்ப் பிரிவிலிருந்து மேலே வருபவர்களுக்கு 2023 முதல் நுழைவுக் கட்டணம் 5,000 டாலரிலிருந்து 50 லட்சம் டாலர். கான்ஃபரன்ஸ் அழைப்பும் கையில் இருக்க வேண்டும். அழைப்பில்லாமல் விண்ணப்பித்த சாக்ரமெண்டோ ஸ்டேட்டை 2025-இல் என்சிஏஏ திருப்பி அனுப்பியது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஏசிசியின் ஒரு பெரிய அணி எப்போது கிளம்பும்? கட்டணம் 2026-27-இல் 14.7 கோடி, 2028-29-இல் 11.1 கோடி, 2030-31-இல் 7.5 கோடி. புதிய இடத்தில் ஆண்டுக்கு 2.5 கோடி கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 2026-27-இல் போட்ட பணத்தை எடுக்க ஏறக்குறைய ஆறு ஆண்டு, 2030-31-இல் மூன்று. பாதிப் பங்கில் நுழைந்தால் இன்னும் இழுக்கும். அதோடு, 2025-26 முதல் பல்கலைகள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி வரை பகிரலாம் என்பதால் கையிருப்பும் குறைவு.

இப்போது மற்றக் காகிதங்களை அருகே வையுங்கள். பிக் டென்னின் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஒப்பந்தம் 2029-30 வரை. பிக் 12 ஒப்பந்தம் 2030-31 வரை. எஸ்இசி மட்டும் ஈஎஸ்பிஎன்னோடு 2033-34 வரை. கட்டணம் தரை தட்டும் நேரமும் பிக் டென் புதிதாகப் பேரம் பேசும் நேரமும் ஒட்டியே வருகின்றன. அதற்கு முன் 'இந்தக் கோடையில் கிளெம்சன்' என்று யாராவது சொன்னால், அந்த 14 கோடியை யார் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.

நோட்டர் டேமை இந்தச் சூத்திரத்தில் போடாதீர்கள். ஃபுட்பாலில் தனித்து நிற்கிறது. என்பிசியோடு 2029 வரை சொந்த ஒப்பந்தம். மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலும் ஏசிசி. 2036-க்குள் ஃபுட்பாலுக்காக ஏதாவது கான்ஃபரன்ஸில் சேர்ந்தால் அது ஏசிசியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறது. பிக் டென் பட்டியலில் அதன் பெயரை முதலில் போடுபவர்கள் இந்த ஒரு வரியைத்தான் தவறவிடுகிறார்கள்.