ஸ்பைரல் சுத்தலையா? மோட்டாரை கழட்டுறதுக்கு முன்னாடி இதை பாருங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல வெண்டிங் மெஷின் ரிப்பேருக்கு போற நம்ம பசங்க, பொருளை முன்னாடி தள்ளுற சுருள் கம்பி, அதான் ஸ்பைரல், சுத்தலன்னா ஒடனே மோட்டார்தான் போச்சுன்னு முடிவு கட்டிடுறாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன், சாட்ஸ்வொர்த்ல ஒரு மெஷினுக்கு ஒரே ட்ரேல மூணு மோட்டார் மாத்திட்டு கடைசில பாத்தா ட்ரே பின்னாடி ப்ளக்ல ஒரு பின் கடல் காத்துல பச்சை பூத்து கெடக்கு. மூணு மோட்டார் காசு தண்டம்.

மொதல்ல வயரிங் எப்படின்னு புரிஞ்சுக்கோங்க. 6 ட்ரே, ட்ரேக்கு 8 மோட்டார்னா மொத்தம் 48, ஆனா மெஷினை ஓட்டுற கண்ட்ரோல் போர்டுல இருந்து 48 ஜோடி வயர் வராது. ட்ரேக்கு ஒண்ணு, காலத்துக்கு (column, மேலருந்து கீழ வர்ற வரிசை) ஒண்ணுன்னு 14 வயர்தான். நீங்க நம்பர் அழுத்துனா போர்டு ஒரு ட்ரேயையும் ஒரு காலத்தையும் ஆன் பண்ணும், ரெண்டும் சேர்ற எடத்துல இருக்குற மோட்டாருக்கு மட்டும் 24 வோல்ட் முழுசா கெடைக்கும். கரண்ட் வேற வழில நுழையாம இருக்க ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு டையோடு, அது கரண்டை ஒரு பக்கம் மட்டும்தான் விடும்.

அதனால டூல் எடுக்காம சர்வீஸ் மோடுல எல்லா மோட்டாரையும் ஒரு தடவ ஓட்டி, எது ஓடல எது ஓடுதுன்னு பேப்பர்ல கட்டம் போட்டு குறிங்க. ஒரே ஒரு கட்டம் செத்திருந்தா மோட்டார் இல்லன்னா அதோட ப்ளக். ஒரு ட்ரே முழுசும்னா ட்ரே ப்ளக், இல்லன்னா ஹார்னஸ், அதாவது ட்ரேக்கு போற வயர் கட்டு. எல்லா ட்ரேலயும் அதே காலம்னா போர்டுல அந்த காலத்தை ஆன் பண்ற டிரைவர் பார்ட்டோ வயரோ. சந்தேகமா இருந்தா பக்கத்து மோட்டாரோட ப்ளக்கை மாத்தி குத்திப் பாருங்க, கோளாறு மோட்டாரோட போகுதா அங்கேயே நிக்குதான்னு தெரிஞ்சிடும். ப்ளக்கை புடுங்குறதுக்கு முன்னாடி பவரை ஆஃப் பண்ணுங்க, உள்ள சப்ளைல 230 வோல்ட் இருக்கு.

ஒரு நம்பர் அழுத்துனா வேற ஸ்பைரலும் லேசா அசையுதா? அது டையோடு ஷார்ட். எனக்கு ரொம்ப புடிச்ச கேஸ் இது, ஏன்னா கரண்ட் மூணு மோட்டார் வழியா சுத்திட்டு வரும், அதுல ஒண்ணு மட்டும் பின்பக்கமா அசையும், அதுதான் குற்றவாளி. அதை கழட்டி மீட்டரை டையோடு மோடுல வச்சா ஒரு பக்கம் 0.5, 0.7 வோல்ட் மாதிரி காட்டணும், திருப்பி வச்சா ஒண்ணும் காட்டக்கூடாது. ரெண்டு பக்கமும் காட்டுதா, டையோடை மாத்துங்க, மோட்டாரை தூக்கிப் போடாதீங்க.

நிக்காம சுத்திக்கிட்டே இருந்தா ஹோம் ஸ்விட்ச். மோட்டாரோட சேந்து சுத்துற கேம் (மேடு வச்ச சக்கரம்) ஒரு ரவுண்டு வந்ததும் அதைத் தட்டணும், அப்பதான் போர்டு நிறுத்தும். சிப்ஸ் தூளும் எண்ணெயும் ஏறி ஒட்டிக்கும், க்ளீனர் அடிச்சு நாலு தடவ கையால தட்டுனா பாதி கேஸ் அங்கேயே சரியாயிடும்.