செங்கல் பிடிச்ச கை: பிள்ளைங்களுக்குப் பந்து பிடிக்கப் பழக்குறது எப்படி

நான் கொத்தனாருங்க. சென்னிமலைப் பக்கம் 26 வருசமா கட்டட வேலை. பொழுதோட வேலை முடிஞ்சு கை கால் கழுவினதும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கிற காட்டுக்குப் போயிருவேன். பதினஞ்சு இருபது பிள்ளைங்க வருவாங்க. ஆடுறது கிரிக்கெட். நான் பந்து பிடிக்க மட்டும் பழக்கி விடுறேன்.

உடற்கல்வி படிக்கிற என் மகள் போன வருசம் லீவுக்கு வந்தப்ப, "ஏனுங்கப்பா, உங்களாட்டவே செங்கல் பிடிச்சுப் பழகின ஒருத்தர் அமெரிக்காவுல பெரிய ஆட்டக்காரர் ஆகியிருக்காருங்க"ன்னு ஜெர்ரி ரைஸ் கதையைச் சொன்னா. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. அதுல இருந்து நான் பழக்குற முறையே அவர் வளர்ந்த வரிசையிலதான் போகுது.

ரைஸ் ஆடினது அமெரிக்க ஃபுட்பால். நம்ம ஊர் ஃபுட்பாலாட்டம் காலாலயே உதைச்சு ஆடுறது இல்லைங்க. நீள்வட்டப் பந்து, நானூறு கிராம் சுமார் இருக்கும். ஒருத்தர் எறிவார், ரிசீவர்ங்கிறவர் ஓடிக்கிட்டே அதைப் பிடிக்கணும். எதிரணிக்காரன் மேல வந்து மோதுவான், அப்பவும் பந்து கையை விட்டுப் போகக் கூடாது. கோடு தாண்டினா டச்டவுன், 6 புள்ளி.

ரைஸ் 1962-ல மிசிசிப்பி மாநிலத்துல பிறந்தவர், கிராஃபோர்டுங்கிற சின்ன ஊர்ல வளர்ந்தவர். அப்பா கொத்தனார். கோடை லீவுல அப்பாவோட வேலைக்குப் போவாராம். அண்ணன் தம்பிங்க கீழே இருந்து செங்கல்லை வீச, இவர் சாரத்துல நின்னு பிடிப்பாராம். இதைக் கேட்டதும் எனக்கு என் பதினாறு வயசு ஞாபகம் வந்துருச்சு. நானும் சாரத்துல நின்னு கல்லு பிடிச்சுத்தான் இந்தத் தொழிலுக்குள்ள வந்தேன்.

அந்தப் பிடியைக் கொஞ்சம் விவரமாச் சொல்லணும், எல்லாமே அதுலதான் இருக்கு. செங்கல் மூணு கிலோ சுமார். கீழே இருக்கிறவர் நல்ல ஆளா இருந்தா, கல்லு உங்க நெஞ்சு உயரத்துக்கு வந்து ஒரு கணம் நிக்கும். மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. அந்தக் கணத்துல கனமே தெரியாது, ரெண்டு கையையும் பக்கவாட்டுல கொண்டு போய் வாங்கிக்கலாம். அதைத் தவற விட்டா கல்லு இறங்க ஆரம்பிக்கும். அப்பக் கையை விறைப்பா நீட்டினா விரல் போயிரும். கையும் கல்லோடவே அரை அடி கீழே இறங்கணும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் விறைப்பா நீட்டினேன். வலது கை நடுவிரல் நகம் அப்படியே பேந்து வந்துருச்சு. இன்னிக்கும் அந்த நகம் கோணலாத்தான் வளருது.

அதனால முதல்லயே சொல்லிடறேன், பிள்ளைங்க கையில செங்கல் குடுக்காதீங்க. வேண்டியது அந்த இறங்குற கை மட்டுந்தான். அதுக்கு நான் பண்றது இது: தறிக்காரங்க வீட்டுல கழிவு நூல் கிடைக்கும். அதை நல்லா அமுக்கிச் சுருட்டி, உரிச்ச தேங்காய் அளவுக்கு நீள்வட்டமா ஆக்கி, பழைய பெட்சீட் துணியில இறுக்கித் தைச்சிருங்க. மளிகைக் கடைத் தராசுல வெச்சு 400 கிராம் வர்ற வரைக்கும் நூலைக் கூட்டிக் குறைச்சுக்கலாம். மூஞ்சியில பட்டாலும் காயம் ஆகாது. பிள்ளைங்களுக்குப் பயம் போகுறது முக்கியமுங்க, பயந்த பிள்ளை பந்து வர்றப்பக் கண்ணை மூடிக்கும்.

முதல் வாரம் பக்கத்துல நின்னு நேர் மேலே தூக்கிப் போடுங்க. பந்து நிக்கிற அந்தக் கணத்துல பிள்ளை "இப்ப"ன்னு சத்தம் போடணும். பிடிக்கவே வேண்டாம், கண்ணு பழகட்டும். ரெண்டாவது வாரம் பிடிக்கலாம். நெஞ்சுக்கு மேல வந்தா ரெண்டு கட்டை விரலும் ஒட்டி இருக்கணும், இடுப்புக்குக் கீழே வந்தா ரெண்டு சுண்டு விரலும் ஒட்டி இருக்கணும். பந்தை நெஞ்சுல வாங்க விடாதீங்க, நெஞ்சுல பட்டுத் தெறிச்சிரும். விரல்ல வாங்கி, கை பின்னால வந்து, அப்புறந்தான் பந்து உடம்போட சேரணும். சேர்ற வரைக்கும் கண்ணு பந்தை விட்டு விலகக் கூடாது. சத்தம் கேக்காமப் பிடிச்சா கை சரியா இறங்குதுன்னு அர்த்தம். "டப்"புன்னு கேட்டா மறுபடியும் போடுங்க.

அடுத்தது ஜோடி. ரைஸுக்குப் பெரிய காலேஜ்ங்க எதுவும் இடம் தரலை. மிசிசிப்பி வேலி ஸ்டேட்ங்கிற சின்னக் காலேஜ்ல சேர்ந்தார். அங்கே வில்லி டாட்டன்னு ஒருத்தர் எறிவார், இவர் பிடிப்பார். 1984-ல ஒரே சீசன்ல 27 டச்டவுன் பிடிச்சார். எறியிறவன் கையைப் பார்த்தே பந்து எங்கே வரும்னு தெரிஞ்சுக்கிறது அப்படித்தான் வருது. தினமும் ஆளை மாத்தாதீங்க. ரெண்டு ரெண்டு பேரா ரெண்டு மாசம் ஒட்டுக்கா விடுங்க. எங்க ஊர்ல ஒரு அக்காளும் தம்பியும் ஜோடி. அவன் தோள் திரும்புறப்பவே அந்தப் புள்ளை ஓட ஆரம்பிச்சிரும்.

இப்ப நான் ரொம்பச் சொல்ல நினைக்கிற இடம். 1985-ல டிராஃப்ட்ல, அதாவது அணிங்க முறை வெச்சுப் புது ஆட்டக்காரங்களைப் பொறுக்கி எடுக்கிறதுல, சான் பிரான்சிஸ்கோ அணி 16-வது ஆளா ரைஸை எடுத்துச்சு. கல்லு பிடிச்ச அந்தக் கை முதல் வருசம் பந்தைத் தவற விட்டுக்கிட்டே இருந்துச்சு. சொந்த அணி ரசிகருங்களே கூச்சல் போட்டாங்க. புது அணியோட சிக்கலான திட்டமெல்லாம் மண்டைக்குள்ள ஓடினதுல கவனம் பந்து மேல நிக்கலை. டிசம்பர்ல ராம்ஸ் அணிக்கு எதிரா 10 பந்து பிடிச்சு 241 கெஜம் போனார். அணி தோத்துச்சு, ஆனா கை திரும்பி வந்துருச்சு. அடுத்த வருசம் 1570 கெஜம், 15 டச்டவுன். 1987-ல 12 ஆட்டத்துலயே 22.

உங்க பிள்ளை நாலு பந்து தொடர்ந்து விட்டா, கையைத் திருத்தாதீங்க. "வெசனப்படாதே கண்ணு, பந்துல என்ன நிறத் துணி இருக்குன்னு சொல்லு"ன்னு மட்டும் கேளுங்க. எங்க பந்துல சிவப்பு, பச்சை, மஞ்சள்னு ஒட்டுத் துணி இதுக்குன்னே தைச்சிருக்கேன். நிறத்தைப் பார்த்துச் சொல்ற பிள்ளை, அஞ்சாவது பந்தைத் தன்னால பிடிச்சிரும்.

ஓட்டத்துக்கு ரைஸ் லீவு மாசங்கள்ல நாலு கிலோமீட்டர் மலை ஏற்றம் ஓடுவாராம். எங்களுக்கு முருகன் 1320 படி குடுத்திருக்கார். பெரிய பிள்ளைங்களை மட்டும் ஞாயித்துக்கிழமை பொழுது கிளம்பறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போவேன். ஏறுறப்ப வேகம், இறங்குறப்ப நடைதான், முட்டி போயிரும். மேலே போய்ச் சாமி கும்பிட்டு, மூச்சு வாங்க நிக்கிறப்பப் பந்தை எடுப்பேன். கால் நடுங்குறப்பவும் கை இறங்குதான்னு அப்பத்தான் தெரியும். ஆளுக்குப் பத்துப் பந்து. போன வாரம் அந்த அக்காப் புள்ளை பத்தும் பிடிச்சா, ஒண்ணுலயும் சத்தம் கேக்கலைங்க.