மருதமுனைச் சாறியில் ஒரு விக்டோரியா காலக் கவுண்

பள்ளிக்கூட ஆங்கில நாடகத்துக்கு விக்டோரியா காலத்துக் கவுண் வேண்டும் என்றால் எங்கட பக்கத்தில் எல்லாரும் முதலில் சாட்டின் வாங்கத்தான் ஓடுவார்கள். வேண்டாம். மட்டக்களப்பு வெக்கையில் அதற்குள் நிற்கிற பிள்ளை வேர்த்து வசனத்தையே மறந்துவிடும். கரை வைத்த மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சாறி ஒன்று எடுங்கள், மேல்சட்டைக்கு அதே நிறத்தில் இரண்டரை யார் துணி.

நான் சொல்வது 1860 சுற்றின வெட்டு. பாவாடையும் மேல்சட்டையும் வேறுவேறு. 1856 அளவில் உருக்கு வளையம் வைத்த கிரினோலின் என்ற உள்பாவாடை வருமுன் பெண்கள் கஞ்சி போட்ட உள்பாவாடைகளை அடுக்கடுக்காக உடுத்தித்தான் பாவாடையை விரித்து நிற்கவைத்தார்கள். ஆகவே உள்ளே போடுவதை முதலில் தையுங்கள். பழைய பருத்திப் பாவாடையில் நாலு வரிசை நாடா தைத்து, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பைப் ஓட்டுங்கள். அடி வளையம் 110 அங்குலச் சுற்றளவு போதும், நிலத்திலிருந்து 6 அங்குலமாவது உயர்ந்து நிற்கட்டும், இல்லாவிட்டால் கால் மாட்டும். அதற்கு மேல் சோற்றுக் கஞ்சி போட்ட உள்பாவாடை ஒன்று. அது இல்லையென்றால் வளையம் வரிவரியாக வெளியே தெரியும்.

இனித்தான் அளவு. இடுப்பிலிருந்து நிலம் வரை வளையத்துக்கு மேலாலேயே முன், பக்கம், பின் என்று தனித்தனியாக எடுங்கள்.

சாறியைத் துண்டு போட வேண்டாம். தலைப்பை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைக் கிடையாகச் சுற்றினால் சாறியின் அகலமே பாவாடையின் உயரம், கரை தானாக அடியில் வந்துவிடும், பின்னால் ஒரே ஒரு மூட்டு. 1850களில் ஐரோப்பாவிலும் இப்படிக் கரையோடு நெய்த துணிகள் பாவாடைக்கென்றே விற்றன. மேல் கரையை உள்ளே மடியுங்கள். உயர வித்தியாசத்தையும் அங்கேதான் சரிக்கட்ட வேண்டும், அடியில் கை வைக்கவே கூடாது. மடித்த இடத்தில் கையால் இரண்டு வரிசை ஓட்டுத்தையல், ஒவ்வொரு குத்தும் அரை அங்குலம், கீழ் வரிசைக் குத்து மேல் வரிசைக் குத்துக்கு நேர் கீழே வரவேண்டும். இரண்டு நூலையும் சேர்த்து இழுத்தால் சின்னச் சின்னக் குழல்மாதிரி மடிப்பு நிற்கும். ஒவ்வொரு மடிப்பு முனையையும் கையாலேயே இடுப்புப் பட்டியில் பிடியுங்கள், மெசினில் ஓட்டினால் நசிந்துவிடும்.

மேல்சட்டையை முதலில் பழைய பெட்சீற்றில் வெட்டிப் பாருங்கள். தோள் மூட்டு முதுகுப் பக்கம் சரியவேண்டும், கை மூட்டு தோள் எலும்புக்குக் கீழே. இது பிழைத்தால் சாதாரண சாறிச் சட்டைதான். லைனிங்கையும் மேல்துணியையும் சேர்த்து ஒரே துணியாகத் தையுங்கள். முன்னால் பக்கத்துக்கு இரண்டு டார்ட் (உடம்போடு ஒட்டப் பிடிக்கும் கூர்மடிப்பு), அவற்றுக்குள் சட்டை விறைப்பாக நிற்க அந்தக் காலத்தில் வைத்த திமிங்கல எலும்புக்குப் பதில் ஹாட்வெயார் கடைக் கேபிள் டை, முனையை வட்டமாக வெட்டி மெழுகுதிரியில் காட்டி மழுக்கிவிடுங்கள்.

ஹூக் முன்பக்கம். சிப் கேட்டு அடம்பிடித்தால் ஹூக்குக்குப் பின்னால் மறைத்து வையுங்கள், இரண்டு காட்சிக்கு நடுவில் உடுப்பு மாற்றுகிறவர்களுக்கு அது உதவும்.