குழந்தைகளோடு பாய்மரப் படகில்: வெப்பமண்டலக் கடலில் குடித்தனம் நடத்தும் முறை

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். இந்தப் படகில் வேலைக்கு எத்தனை பேர் என்று கேட்டால் இரண்டு பேர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கடலில் இறங்கிய பிறகு கணக்கு மாறிவிடும். ஒருவர் சுக்கானில் நிற்கும்போது இன்னொருவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார், வாந்திக்கு வாளி பிடித்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் அடுத்த காவலுக்காகத் தூங்கிக்கொண்டிருப்பார். பாய்க்கும் கயிற்றுக்கும் எப்போதும் கிடைப்பது ஒரே ஆள். எவ்வளவு பாய் விரிப்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போவது, எந்த நங்கூரத்துறையில் நுழைவது என எதை முடிவு செய்தாலும் இந்த ஒற்றை ஆளை வைத்தே முடிவு செய்யுங்கள்.

அதற்குப் படகையும் தயார் செய்ய வேண்டும். பாயைச் சுருக்கும் கயிறுகள் எல்லாம் காக்பிட்டுக்கே, அதாவது சுக்கான் இருக்கும் திறந்த குழிப்பகுதிக்கே, வந்து சேர வேண்டும். பாய்மரத்தடிக்குப் போனால்தான் பாயைச் சுருக்க முடியும் என்றால், இரவில் ஒருவர் போவதற்கு மற்றவரை எழுப்ப வேண்டியிருக்கும், அந்த நேரம் பார்த்துப் பிள்ளையும் எழுந்துகொள்ளும். ஆட்டோபைலட்டுக்கு ஒரு மாற்று மோட்டாரோ, காற்றால் இயங்கும் சுக்கான் கருவியோ கூடவே இருக்கட்டும். ஆட்டோபைலட் பழுதான மறு நிமிடமே ஒரு பெரியவர் சுக்கானோடு கட்டுண்டுவிடுவார்.

இருட்டுவதற்கு முன், காற்று எவ்வளவு சாந்தமாக இருந்தாலும், பாயை ஒரு மடிப்பு சுருக்கிவிடுங்கள். வெப்பமண்டலத்தில் மழையோடு வரும் திடீர்க் காற்று 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்திலிருந்து 30, 35 நாட் வேகத்துக்குச் சில நிமிடங்களில் எகிறும். பகலில் அடிப்பாகம் கறுத்து நீளமாக வரும் மேகத்தைக் கண்டு முன்கூட்டியே தயாராகலாம். இரவில் ரேடார் இல்லாவிட்டால் முகத்தில் குளிர்காற்று பட்ட பிறகுதான் தெரியும். இதனால் இரவுக்கு அரை நாட் வேகம் குறையும். குறையட்டும்.

தூரமும் நேரமும்

பவளப்பாறைக்குள் நுழைய வேண்டுமானால் வெயில் உச்சியில் அல்லது முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். காலை 10 மணிக்கு முன்பும் பிற்பகல் 3 மணிக்குப் பின்பும் தண்ணீரின் நிறத்தை நம்ப முடியாது. நல்ல வெயிலில் கருநீலம் ஆழம், பச்சை கலந்த வெளிர்நீலம் சில மீட்டர், வெளுத்த பச்சை மணல்திட்டு, பழுப்பும் மஞ்சளும் பாறை. நீர்ப்பரப்பின் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்ட ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்க வேண்டும். ஒரு மேகம் சூரியனை மறைத்துவிட்டால் நிறம் எல்லாம் ஒன்றாகிவிடும். மேகம் விலகும்வரை வெளியிலேயே சுற்றிக்கொண்டிருங்கள்.

இந்த நேர வரம்புதான் நாளின் தூரத்தை நிர்ணயிக்கிறது. 5 நாட் வேகத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம். காலை 6 மணிக்கு நங்கூரம் தூக்கினால் பிற்பகல் 2 மணிக்குள் போய்ச் சேர 40 கடல் மைல். காற்று எதிர்த்தால் 30கூட எட்டாது. பிள்ளைகள் இருக்கும் படகில் 30 மைலுக்கு மேல் தினசரித் திட்டம் போடாதிருப்பது நல்லது. பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் மறைந்த அரை மணி நேரத்துக்குள் நல்ல இருட்டாகிவிடும். "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறதே" என்ற பேச்சு அங்கே செல்லாது.

இரவு பகலாகப் பல நாள் ஓடும் பயணத்தில் சிக்கல் காவலில் இல்லை, காலை ஆறு மணியில் இருக்கிறது. பெரியவர்கள் இருவரும் இரவெல்லாம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி விழித்திருப்பார்கள். பிள்ளைகளோ நன்றாகத் தூங்கி எழுந்து விளையாட ஆள் தேடுவார்கள். பகலிலும் தூக்கத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்: காலை 8 முதல் 11 வரை ஒருவர், பிற்பகல் 1 முதல் 4 வரை மற்றவர், தீ விபத்தைத் தவிர வேறு எதற்கும் எழுப்பக் கூடாது. இரண்டு பிள்ளைகளும் ஐந்து வயதுக்குக் கீழே என்றால், மூன்று இரவுக்கு மேற்பட்ட பயணத்துக்கு மூன்றாவது பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். இடநெருக்கடி தெரியும்தான், ஆனால் தூக்கமில்லாத இருவர் ஓட்டும் படகைவிட அது மேல்.

பயணத்தின் முதல் இரண்டு நாள் குமட்டல் எதிர்பார்த்ததே. இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு அது அபூர்வம், அதன் பிறகு பன்னிரண்டு வயதுவரைதான் அதிகம். மருந்தின் அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி, கரையிலேயே ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் தூங்கி வழிவார்கள், சிலர் நேர்மாறாகத் துள்ளுவார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை பெரியவர்களுக்கு மட்டுமே. ஆட்டம் குறைந்த படகின் நடுப்பகுதியில் படுக்க வைப்பதும், தொடுவானத்தைப் பார்க்க வைப்பதும் உதவும். புத்தகமும் திரையும் நிலைமையைக் கெடுக்கும்.

தளத்தில்

கைப்பிடிக் கம்பிகளுக்குச் சுற்றிலும் வலை கட்டுங்கள். வலையை மேல்கம்பியில் மட்டும் கட்டி, கீழே தளத்தோடு தைக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சின்னப் பிள்ளை கம்பிக்கு மேலே ஏறி விழுவதைவிடக் கீழ் இடைவெளியில் சறுக்கிப் போவதே எளிது. வெயிலில் நைலான் வலை உளுத்துப்போகும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை முழு எடையோடு சாய்ந்து சோதியுங்கள்.

படகு ஓடும்போது பிள்ளைகள் காக்பிட்டை விட்டு வெளியே வருவதென்றால் உடலில் மாட்டும் பாதுகாப்புக் கச்சையான ஹார்னஸ் கட்டாயம். அதைப் படகோடு இணைக்கும் டெதர் பட்டை 2 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு 1 மீட்டர் போதும், ஏனென்றால் விழுந்தாலும் தண்ணீரைத் தொடாத நீளம்தான் வேண்டும். கொக்கியை மாட்டிய பிறகே படிக்கட்டை விட்டு வெளியே காலை வைக்க வேண்டும், வந்த பிறகு மாட்டுவது என்பது வழக்கமாகக் கூடாது. இரவில் பெரியவர்களுக்கும் இதே விதி. காவலில் தனியாக இருப்பவர் கடலில் விழுந்தால், உள்ளே தூங்குபவருக்கு அது தெரியவே பல மணி நேரமாகலாம்.

லைஃப் ஜாக்கெட்டில் கால்களுக்கு இடையே வரும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். வாங்கியதும் ஆழமில்லாத இடத்தில் போட்டு மிதக்கவிட்டு, முகம் மேல்நோக்கித் திரும்புகிறதா என்று சோதிப்பது அவசியம். கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியின் மோட்டாரைக் கையாள்பவர், இழுபட்டால் மோட்டாரை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை மணிக்கட்டிலோ காலிலோ மாட்டியிருக்க வேண்டும். நீந்துபவர்களுக்கு அருகில் வரும்போது மோட்டாரை நியூட்ரலில் விட்டால் போதாது, அணைத்துவிட்டுத் துடுப்புப் போடுங்கள்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு, மற்ற படகுகளோடும் கரையோடும் பேச உதவும் வி.எச்.எஃப் வானொலியைப் பழக்குங்கள். கருவிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டுங்கள்: சானல் 16, மே டே என்ற உயிராபத்து அழைப்பு மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, ஜி.பி.எஸ் திரையில் உள்ள எண்களை எங்கே பார்த்துப் படிப்பது, என்ன ஆபத்து, படகில் எத்தனை பேர். சிவப்பு மூடிக்குக் கீழே உள்ள அபாய அழைப்புப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். கருவியை அணைத்து வைத்துவிட்டு மாதம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், கழுவவும் குளிக்கவும் சிக்கனமாக இன்னொரு 10 லிட்டர். நால்வருக்கு 60 லிட்டர். 400 லிட்டர் தொட்டி ஆறரை நாளில் காலி. சமையலறையில் காலால் மிதிக்கும் கடல்நீர்ப் பம்ப் ஒன்று வைத்தால் பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுக்கலாம். துணிக்கும் அப்படித்தான். கடைசி அலசலையும் தவிர்த்தால் இன்னும் மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம், உப்பு தங்கிய துணி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பிள்ளைகளுக்குத் தொடையிடுக்கில் புண் வரும்.

தொட்டி இரண்டாகப் பிரிந்திருப்பது பெரிய பாதுகாப்பு. ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். கரையில் பிடித்த தண்ணீரில் சந்தேகம் இருந்தால், வாசனை சேர்க்காத 5 முதல் 6 சதவீத பிளீச் 100 லிட்டருக்கு 10 மில்லி கலந்து அரை மணி நேரம் விடுங்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருந்தால் இரண்டு விதிகள். எண்ணெய் மிதக்கும் துறைமுகத்தில் ஓட்டாதீர்கள். உப்பைப் பிரிக்கும் சவ்வைக் குளோரின் கலந்த தண்ணீரால் கழுவாதீர்கள், கரித்துகள் வடிகட்டி வழியாக வந்ததே பாதுகாப்பு. ஒரு வாரம் ஓட்டாமல் போட்டால் சவ்வில் பாசி பிடித்து நாறும், அதனால் ஓட்டும் ஒவ்வொரு முறையும் கடைசியில் நல்ல தண்ணீரால் அலச வேண்டும்.

இயந்திரம் இருந்தாலும் மழையைப் பிடிக்கும் ஏற்பாடு வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 6 சதுர மீட்டர் வெயில்தடுப்புத் துணியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் கணக்குப்படி 60 லிட்டர், காற்றில் பாதி சிதறிப்போகும். துணியின் நடுவில் குழாய் இணைப்பு ஒன்றைத் தைத்து, முதல் பத்து நிமிட மழை உப்பையும் பறவை எச்சத்தையும் கழுவி ஓடிய பிறகு குழாயைத் தொட்டிக்குத் திருப்புங்கள்.

நங்கூரம்

ஆழம் 6 மீட்டர், கடல் ஏற்றத்தில் கூடுவது 1 மீட்டர், அணியத்தின் உயரம் 1 மீட்டர். மொத்தம் 8. சாதாரணக் காற்றுக்கு இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 40 மீட்டர் சங்கிலி. காற்று வலுத்தால் ஏழு மடங்கு. அணிய உயரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால்தான் பலருக்கும் சங்கிலி போதாமல் நங்கூரம் இழுபடுகிறது. மணலில் மட்டும் போடுங்கள், பவளத்தில் போட்டால் பாறையும் உடையும், சங்கிலியும் சிக்கும். ரிவர்ஸில் மெல்ல வேகம் கூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி போட்டு நீந்திப்போய் நங்கூரம் புதைந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கொசு வரும் கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி நிற்பது மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் எதிரான மலிவான தடுப்பு. வாசல், ஜன்னல் எல்லாவற்றுக்கும் வலை வேண்டும்.

அடுப்படி

பயணத்தில் அடிக்கடி நேரும் காயங்களில் ஒன்று சுடுநீர்க் காயம். குக்கரில் சமைப்பது பாதுகாப்பு, கவிழ்ந்தாலும் மூடி பூட்டியிருக்கும். அடுப்பு எரியும்போது பிள்ளைகள் அடுப்படிக்குள் வரக் கூடாது. சமைப்பவர் வெறும் காலோடு, அரைக்கால் சட்டையோடு நிற்கக் கூடாது. கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் வடிகால் நேரே கடலுக்குப் போக வேண்டும், கசிவு உணரும் கருவியைத் தரையோடு ஒட்டி வையுங்கள், சமையல் முடிந்ததும் சிலிண்டர் வால்வையே மூடுங்கள்.

அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றாதீர்கள். மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். பொருளைக் கரையிலேயே பிரித்து டப்பாவுக்கு மாற்றுங்கள். குளிர்சாதனத்தில் வைக்காத, கழுவாத முட்டை சில நாளுக்கு ஒருமுறை திருப்பிவைத்தால் பல வாரம் தாங்கும்.

மீன் பிடித்தால் பாறையோர மீனும் திறந்த கடல் மீனும் வேறு வேறு. பெரிய சீலா, களவா, மோரே விலாங்கு போன்ற பாறையோர வேட்டை மீன்களில் சிகுவாட்டெரா நஞ்சு சேர்ந்திருக்கலாம், சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. அந்தந்தத் தீவு மீனவரிடம் கேட்காமல் உண்ண வேண்டாம். திறந்த கடலில் கிடைக்கும் சூரையில் அந்தக் கவலை மிகக் குறைவு, ஆனால் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். பிடித்ததும் இரத்தத்தை வடித்து உடனே குளிரில் வையுங்கள்.

காயமும் நோயும்

பவளம் கீறினால் சிறு கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது. சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டு மெல்லிய தூரிகையால் தேய்த்து, உள்ளே இருக்கும் துகளை எடுத்துவிட்டு, கிருமிநாசினி தடவி, ஆறும்வரை கடலில் இறக்காதீர்கள். ஈரத்திலும் வெப்பத்திலும் சின்னக் காயம் இரண்டே நாளில் சீழ் பிடிக்கும். வயிற்றுப்போக்குக்கு 1 லிட்டர் தூய நீரில் சமன் செய்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கண்ணளவு வேண்டாம். கல்மீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் வலி தணியும். நீரின் சூட்டைப் பெரியவர் தன் கையால் முதலில் பார்க்க வேண்டும், வலியில் இருக்கும் பிள்ளைக்குச் சூடு தெரியாது.

சங்கு பொறுக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வடிவத்தைப் படம் காட்டிப் பழக்குங்கள்: ஐஸ்கிரீம் கூம்பு போன்ற, அழகான கோலம் போட்ட சங்கு. உயிருள்ள கூம்புச் சங்கு ஈட்டிபோன்ற பல்லால் குத்தும். அகலமான முனையைப் பிடித்தால் பயமில்லை என்பது பொய், அது வளைந்து எட்டும். நஞ்சுமுறி மருந்து கிடையாது. சங்குப்பைக்குள் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் பெரியவரிடம் காட்ட வேண்டும்.

பருவமும் காகிதமும்

அட்லாண்டிக்கிலும் கரீபியனிலும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். தென்பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது அபூர்வம். பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே நகரத் தொடங்குங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மோட்டார் கோளாறு என்று இரண்டு வாரம் எங்காவது நிற்க வேண்டிவரும்.

பள்ளிப் பாடம் நங்கூரமிட்ட நாளில் காலை இரண்டு மூன்று மணி நேரம் போதும், ஓடும் நாளில் வேண்டாம். புதிய நாட்டுக்குள் நுழையும்போது மஞ்சள் கொடி ஏற்றி, அதிகாரிகள் அனுமதிக்கும்வரை யாரும் கரையில் இறங்கக் கூடாது, பிள்ளைகளும்தான். முந்தைய துறைமுகம் கொடுத்த புறப்பாட்டுச் சான்று, ஆட்பட்டியல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே நீர்புகாப் பையில் இருக்கட்டும். பெற்றோரில் ஒருவர் மட்டுமே படகில் இருந்தால் மற்றவர் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் சேர்த்துவிடுங்கள், அது இல்லாமல் சில துறைமுகங்களில் பிள்ளையோடு நுழைவதும் கிளம்புவதும் சிக்கலாகும்.