எத்தியோப்பியா பற்றி நாம் விடும் தப்புகள்

பஸ் பன்னிரண்டு மணிக்கு என்றார்கள். நானும் நிதானமாகக் குளித்து, காபி குடித்து, பதினொன்றரைக்குப் பெட்டியோடு போய் நின்றால் ஸ்டாண்டே காலியாகக் கிடக்கிறது. பஸ் எப்போதோ போய்விட்டது, விடியற்காலை ஆறு மணிக்கு! எத்தியோப்பியாவுக்கு வேலைக்குப் போன புதிதில் நான் விட்ட முதல் தப்பு இது. போகிற நம் ஆட்கள் பலரும் ஒரு தடவையாவது இப்படி மாட்டுவார்கள்.

அங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று, நம்முடைய ஆறு அவர்களுடைய பன்னிரண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு என்பதால் சூரியன் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுகிறது, அதனால் இந்தக் கணக்கு குழம்புவதில்லை. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பரம்பரைக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லைதான், ஆனால் பஸ் போனது போனதுதான். யார் நேரம் சொன்னாலும் “ஹபெஷா கணக்கா, ஃபெரெஞ்ச் கணக்கா?” என்று கேட்டுவிடுங்கள். ஹபெஷா என்றால் எத்தியோப்பியர், ஃபெரெஞ்ச் என்றால் வெளிநாட்டுக்காரர், அதாவது நாம். விமான டிக்கெட்டில் இந்தச் சிக்கல் இல்லை.

நாள்காட்டியும் அப்படித்தான். முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், கடைசியில் ஐந்து அல்லது ஆறு நாள் மட்டும் உள்ள பகுமே என்ற குட்டி மாதம், ஆக 13 மாதம். ஆண்டு எண் நம்மைவிட ஏழு எட்டு பின்னால் இருக்கும். உலகமே 2000-ஐக் கொண்டாடி முடித்து மறந்த பிறகு, 2007 செப்டம்பர் 12 அன்றுதான் அவர்களுக்கு 2000 பிறந்தது. ரசீதில் பழைய வருஷம் போட்டிருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

“ஆப்பிரிக்கா, கொளுத்தும்” என்று பருத்திச் சட்டையை மட்டும் அடுக்கிக்கொண்டு போவது அடுத்த தப்பு. அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல், நம் ஊட்டியைவிட உயரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பிடித்தால் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. முதல் வாரம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம். அதே நாட்டின் வடகிழக்கில் டனகில் பள்ளம் கடல் மட்டத்துக்குக் கீழே 100 மீட்டரையும் தாண்டி இறங்குகிறது, உலகத்தின் கடும் வெயில் இடங்களில் அது ஒன்று. ஒரு நாட்டுக்கு ஒரு வானிலை என்று நினைத்தால் இரண்டு பக்கமும் அடி வாங்குவீர்கள். பழைய வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கடற்கரை எங்கே என்றும் கேட்காதீர்கள். 1993-இல் எரித்திரியா தனி நாடானதோடு கடல் போயிற்று, இப்போது சரக்கெல்லாம் பெரும்பாலும் ஜிபூட்டி துறைமுகம் வழியாகத்தான்.

“உங்களை எந்த நாடு ஆண்டது?” என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1896-இல் அட்வாவில் அவர்களுடைய பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படை இத்தாலியை ஓட ஓட விரட்டியது. 1936-இல் இத்தாலி திரும்பி வந்து பிடித்தது உண்மைதான், 1941-இல் அதுவும் முடிந்தது. அதை ஆக்கிரமிப்பு என்பார்களே தவிர, காலனி என்று சொன்னால் முகம் மாறிவிடும். 1984 பஞ்சத்துப் படங்களை மனதில் வைத்துக்கொண்டு பரிதாபமாகப் பேசுவதும் இதே ரகம். எதிரே உட்கார்ந்திருப்பவர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்.

பெயர் விஷயத்தில் நாம் தப்பு செய்யவே கூடாது, ஏனென்றால் நம் கதைதான் அங்கும். குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயர், அப்புறம் அப்பா பெயர், அவ்வளவுதான். பிரதமர் அபிய் அகமதுவை “மிஸ்டர் அகமது” என்றால் அவர் அப்பாவைக் கூப்பிடுகிறீர்கள். ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசியும் ஹைலேதான். மரியாதைக்கு முன்னால் “அத்தோ” சேர்த்தால் போதும், கல்யாணமான பெண்ணுக்கு “வெய்ஸரோ”. கல்யாணத்தால் அவள் பெயர் மாறுவதில்லை. விசா படிவத்தில் ‘சர்நேம்’ கட்டத்தைப் பார்த்து விழித்திருக்கிறீர்களா? அவர்களும் அதே கட்டத்தில்தான் விழிக்கிறார்கள்.

எழுத்தும் கொஞ்சம் சொந்தம் கொண்டாடலாம். அங்கே பரவலாகப் பேசப்படும் அம்ஹாரிக் அரபியோடு உறவுள்ள மொழி என்பதால் வலமிருந்து எழுதுவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, நம்மைப்போல இடமிருந்துதான். க, கு, கி, கா என்று ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம். உயிர்மெய் படித்தவர்களுக்கு இரண்டு வாரத்தில் கடைப் பலகை படிக்க வந்துவிடும். ஆனால் எல்லோருக்கும் தாய்மொழி அம்ஹாரிக் என்று எண்ண வேண்டாம். எண்பதுக்கும் மேல் மொழிகள் இருக்கின்றன. மக்கள் தொகையில் பெரிய இனம் ஒரோமோ, அவர்கள் தங்கள் மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். வடக்கே டிக்ராயில் 2020 முதல் 2022 வரை நடந்த போரின் காயம் இன்னும் ஆறவில்லை. பார்த்த முதல் நாளே “நீங்கள் எந்த இனம்?” என்று கேட்பது, நம்மூரில் எடுத்த எடுப்பில் சாதி கேட்பதைப் போன்றதுதான்.

சரி, சாப்பாடு. இன்ஜெரா என்பது டெஃப் என்ற பொடித் தானியத்தை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து ஊற்றும் பெரிய அடை, ஒரு பக்கம் மட்டும் ஆப்பம்போல் துளைதுளையாக இருக்கும். சுருட்டி வைத்திருப்பதைக் கை துடைக்கும் துணி என்று நினைத்தவர்கள் உண்டு, நான் இல்லை! புளிப்பு அதிகம் என்று முதல் நாளே ஒதுக்கிவிடாதீர்கள், நான்காம் நாள் பிடித்துவிடும். சைவம் கிடைக்காது என்று ஊறுகாய் மூட்டை கட்டுவது வீண். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி தோறும், ஈஸ்டருக்கு முன் 55 நாளும் நோன்பு இருப்பார்கள். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. “ட்சோம்” என்று கேட்டால் பருப்பும் கீரையும் காயுமாக ஒரு தட்டு நிறைய வரும். கிட்ஃபோ என்றால் மட்டும் கவனம், அது பச்சையாகவே பரிமாறும் கொத்து மாட்டிறைச்சி. யாராவது கவளம் உருட்டி உங்கள் வாயருகே நீட்டினால் பின்வாங்காதீர்கள். அதன் பெயர் குர்ஷா, பிரியத்தில் ஊட்டுவது.

காபி அவர்கள் மண்ணில் பிறந்தது, அதனால் அதில் அவசரம் கிடையாது. கண்ணெதிரே கொட்டையை வறுத்து, புகையை உங்கள் பக்கம் விசிறி, இடித்து, ஜெபெனா என்ற மண் கூஜாவில் காய்ச்சி ஊற்றுவார்கள். ஒரு கப் குடித்து “வரேங்க” என்று எழுந்தால் அவமரியாதை. அபோல், டோனா, பரக்கா என்று மூன்று சுற்று உண்டு, மூன்றாவதுதான் ஆசீர்வாதம். அதற்குள் தூள் சத்தெல்லாம் இறங்கித் தண்ணீராக இருக்கும், பரவாயில்லை, குடியுங்கள். ஒன்பது மணிக்குக் காபிக்கு வா என்று கூப்பிட்டால் காலை டிபனைத் தவிர்த்துவிட்டு ஓடாதீர்கள். அது மத்தியானம் மூன்று மணி.